தொட்டிமேல் ஏறிய ஆறு பேர்

மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் அவளுக்குப் பெயர் தையலக்கா. படுக்கை விரிப்பு கிழிந்தால், நோயாளியின் மேலங்கியில் நாடா அறுந்தால், அறுவை அறைக்குப் போகும் பச்சைத் துணியில் ஓட்டை விழுந்தால், எல்லாம் அவளிடம்தான் வரும். நீராவி இஸ்திரி இயந்திரத்துக்குப் பக்கத்தில், ஜன்னலே இல்லாத ஒரு மூலையில், தையல் மெஷினோடு ஒட்டிப் பிறந்தவள் மாதிரி உட்கார்ந்திருப்பாள். வாய் திறப்பது அபூர்வம். திறக்க வேண்டிய அவசியமும் இருந்ததில்லை. பேசுவதற்கென்றே வீட்டில் ஒரு ஆள் இருந்தார்.

அவள் கணவர் கடைவீதியைத் தாண்டி இருந்த ஒரு பத்து மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுபவர். பழங்காலத்து லிஃப்ட். இரும்பு மடக்குக் கதவை இழுத்துச் சாத்தினால்தான் நகரும். இழுக்கவும் திறக்கவும் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் அவர். மூலையில் ஒரு ஸ்டூல், தலைக்கு மேலே கையகல மின்விசிறி, எதிரே வரிசையாகப் பொத்தான்கள். ஏறுகிறவர்கள் மாடியைச் சொல்வார்கள், பிறகு கதவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார்கள். பொழுதுக்கும் அவர் பார்த்ததெல்லாம் முதுகுகள்தான்.

"முகத்தைக் காட்டினா எனக்கு ஒருத்தரையும் தெரியாது. திரும்பி நிக்கச் சொல்லு, எந்த மாடி, எந்த ஆபீஸ், வீட்ல சண்டையா சமாதானமா, எல்லாம் சொல்லிடுவேன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

நாளெல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு வட்டியும் முதலுமாக வீட்டில் வந்து பேசுவார். சட்டையைக் கழற்றி மாட்டும்போதே தொடங்கிவிடும். விலைவாசி, பக்கத்து வீட்டுக் குழாய், மழை என்று பேச்சு எங்கே புறப்பட்டாலும் கடைசியில் வந்து இறங்குமிடம் ஒன்றுதான்: அவர் படித்த பள்ளிக்கூடம். அந்த வகுப்பில் யார் யார், யாருக்கு என்ன பட்டப்பெயர், யார் எந்த பெஞ்சு, எல்லாம் தையலக்காவுக்கு அத்துப்படி. கூடப் பிறந்தவர்களைப் பற்றிக்கூட அவளுக்கு அவ்வளவு தெரியாது.

லீடர் என்று ஒருவன். பதில் தெரிகிறதோ இல்லையோ, முதலில் கை தூக்குவான். கணக்குப்புலி என்று ஒருவன். அவன் வீட்டுப்பாட நோட்டு காலையில் வகுப்பு முழுக்க ஒரு சுற்றுப் போய்விட்டுத்தான் வாத்தியார் மேசைக்குப் போகும். டிரம் என்றொருவன், உடம்பும் அப்படி, பெஞ்சைத் தட்டுகிற சத்தமும் அப்படி. பெண்கள் பக்கத்தில் குண்டூசி. அவ்வளவு ஒல்லி. காற்று அடித்தால் பையன்கள், "ஜன்னலைச் சாத்துங்கடா, குண்டூசி பறந்துடப் போகுது" என்று கத்துவார்களாம்.

எல்லாக் கதைகளுக்கும் ராஜா அந்தத் தண்ணீர்த் தொட்டிக் கதை. பரீட்சைக்குப் பயந்து அவரையும் சேர்த்து ஆறு பேர் பள்ளிக்கூடத்துப் பின்பக்கத் தொட்டிமேல் ஏறிப் படுத்துக்கொண்டது. தலைமையாசிரியர் வந்து ஏணியை எடுத்துவிட்டது. வெயிலில் காய்ந்த அப்பளமாகி லீடர் அழுதது. டிரம் தாகம் தாங்காமல் தொட்டிக்குள் எட்டிப் பார்க்கப்போய், மூக்குக்கண்ணாடி உள்ளே விழுந்தது.

"அந்த வருஷம் பூரா ஸ்கூலே அவன் கண்ணாடித் தண்ணியத்தான் குடிச்சுது!" என்று சொல்லும்போது அவருக்கே புரையேறும். நூறு தடவை கேட்ட கதைதான். ஆனாலும் தையலக்கா சிரிப்பாள். அவர் சிரிக்கிற அழகுக்காகவே சிரிப்பாள். மகள் மட்டும், "அப்பா, தொட்டி ஆரம்பிச்சாச்சா? நான் காதுல ஹெட்செட் மாட்டிக்கிறேன்" என்பாள்.

பத்தாவதை முடிக்காமலே அவர் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டார். ஏன் என்று கல்யாணமான புதிதில் ஒருமுறை கேட்டாள். "அப்பா படுத்துட்டார், வேற வழியில்ல" என்றார். அதற்குமேல் அவளும் கிண்டவில்லை. லிஃப்ட்டை விட்டு மேலே ஏதாவது ஆபீஸில் உட்காருகிற வேலைக்கு அவர் மனுப்போட்டபோதெல்லாம், "பத்தாவது பாஸா?" என்கிற ஒரே கேள்வியில் வந்த வழியே திரும்பி ஸ்டூலுக்கு வந்தார். அதைப் பற்றியும் வீட்டில் புலம்பியதில்லை.

ஒருநாள் வாயெல்லாம் பல்லாக வந்தார். ஐந்தாம் மாடி ஆபீஸுக்குப் போக கணக்குப்புலியே லிஃப்ட்டில் ஏறியிருக்கிறான். "முதுகை வச்சே கண்டுபிடிச்சேன். இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும் அவனுக்கு. நீங்க அந்த ஸ்கூல்தானேன்னு கேட்டேன். ஆமான்னான்!"

"உங்களைத் தெரிஞ்சுதா அவருக்கு?"

"தெரியாம என்ன? நம்பர் வாங்கிட்டானே! க்ரூப்ல சேத்துவிட்டுட்டான்."

அன்றிலிருந்து தினமும் விடிந்ததும் முதல் வேலை, வகுப்புத் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு பூப்படம் போட்டுக் காலை வணக்கம் சொல்வது. பதில் வராது. எப்போதாவது யாராவது ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினால் போதும், சமையலறைவரை போனைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டுவார்.

போன வருஷம் ஒரு காலை நேரத்தில், அந்த ஸ்டூலில் உட்கார்ந்தபடியே அவர் உயிர் போனது. மாரடைப்பு. லிஃப்ட் தரைத்தளத்தில், கதவு திறந்தபடியே நின்றிருக்கிறது. ஏற வந்தவர்கள் மாடியைச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஆள் அசந்து தூங்குகிறார், எழுப்புவானேன் என்று படியேறிப் போயிருக்கிறார்கள். வெகு நேரம் கழித்துத் கூட்டிப் பெருக்கும் பெண்தான் தோளைத் தொட்டுப் பார்த்தாள்.

அவர் போனிலிருந்தே மகள் குழுவில் செய்தி போட்டாள். கூப்பிய கைகள் வரிசையாக வந்து விழுந்தன. பிறகு யாரோ பேரக்குழந்தை படத்தைப் போட, குழு அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

சில மாதங்கள் போயின. அவருடைய போனை இப்போது தையலக்காதான் வைத்திருந்தாள். ஒரு மத்தியானம் அதில் ஒரு அழைப்பு வந்தது. "சிஸ்டர், நான் அவரோட கிளாஸ்மேட். டைல்ஸ் ஷோரூம் வச்சிருக்கேன். அப்பவே கிளாஸ் லீடர் நான்தான்…"

"தெரியும்" என்றாள் தையலக்கா. மெஷினிலிருந்து எழுந்து நின்றேவிட்டாள்.

"நாங்க எல்லாரும் இத்தனை வருஷம் கழிச்சு ஒண்ணா சேர்றோம். எங்க செட்ல முதல்ல போனது இவன்தான். ஒரு அஞ்சலி வச்சிருக்கோம். ஃபேமிலி சைட்ல யாராச்சும் வந்தா நல்லா இருக்கும். நீங்க கண்டிப்பா வரணும்."

மகளுக்கு அது பிடிக்கவில்லை. "அப்பா செத்தப்ப ஒருத்தர் எட்டிப் பாக்கல. இப்ப என்னத்துக்கும்மா? அங்க போய் யாரைத் தெரியும் உனக்கு?"

"யாரைத் தெரியாது எனக்கு?" என்றாள் தையலக்கா. "சந்தேகமா இருந்தா கேட்டுப் பாரு, யார் எந்த பெஞ்சுன்னு சொல்றேன்."

மகள் சிரித்துவிட்டாள். அதற்கப்புறம் தடுக்கவில்லை.

உண்மையில் தையலக்காவுக்கு ஒரு நப்பாசை இருந்தது. அவர் போனதிலிருந்து வீட்டில் ஒரே நிசப்தம். அந்தக் கதைகளை மறுபடி ஒருமுறை, வேறு யார் வாயிலிருந்தாவது கேட்டுவிட்டால் போதும் போலிருந்தது. அவரைப் பற்றித் தனக்குத் தெரியாத ஒன்றே ஒன்று கிடைத்தால்கூடப் போதும். பத்திரமாகக் கொண்டுவந்து வைத்துக்கொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமை, இருப்பதில் நல்லதாக உடுத்திக்கொண்டு, இரண்டு பஸ் மாறிப் போனாள். ஹோட்டலின் இரண்டாம் மாடியில் குளிரூட்டிய கூடம். வட்ட வட்ட மேசைகள், மேடை, பின்னால் பள்ளிப் பெயர் போட்ட பெரிய பேனர். எல்லோரும் ஒரே நீல நிற டி-ஷர்ட். நரைத்த தலைகளும் முன்னே தள்ளிய வயிறுகளுமாக ஐம்பது, அறுபது பேர், ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டு, போட்டிபோட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

அவள் வாசலில் நின்று ஒவ்வொருவராகப் பார்த்தாள். மைக்கைக் கையிலிருந்து விடாதவர் லீடர், சொல்லவே வேண்டாம். இடது தோள் இறங்கியவர் கணக்குப்புலி. மேசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த பெரிய உடம்பு டிரம்மேதான். பார்க்கப் பார்க்க அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. தெரியாத இடத்துக்கு வந்த கூச்சமே இல்லை.

லீடர் வந்து வரவேற்று, சுவரோரமாக ஒரு மேசையில் உட்காரவைத்தார். "புரோகிராம் நடுவுல கூப்பிடுவோம் சிஸ்டர். ஜூஸ் எடுத்துக்கங்க" என்றார். அதே மேசையில் ஒரு பருத்த பெண்மணி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏதோ வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெறப் போகிறவராம்.

"என்னை அந்தக் காலத்துல என்னன்னு கூப்பிடுவாங்க தெரியுமா? சொன்னா அடிக்க வருவீங்க. குண்டூசி!"

"தெரியுமே" என்றாள் தையலக்கா. "காத்தடிச்சா ஜன்னலைச் சாத்தச் சொல்வாங்களாமே."

அந்தப் பெண்மணி மேசையைத் தட்டிச் சிரித்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது. "அடக்கடவுளே! எனக்கே மறந்துபோச்சு! யாருங்க சொன்னது உங்களுக்கு?"

"எங்க வீட்டுக்காரர்தான்." பெயரைச் சொன்னாள்.

குண்டூசியின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண்கள் மட்டும் எங்கோ தேடிப் போய் வெறுங்கையோடு திரும்பின. "ஓ… ஆமாமா. பாவம். சின்ன வயசு" என்றார்.

தையலக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்த காலம். தொட்டியில் கூட ஏறிய ஐந்து பேருக்குமா மறந்துபோகும்?

மேடையில் பழைய கதைகள் தொடங்கின. ஒவ்வொருவராக ஏறி ஒன்று சொன்னார்கள். தமிழ் வாத்தியாரின் குடை, அறிவியல் கூடத்தில் வெடித்த குடுவை, மதிலேறிக் குதித்தவனின் கிழிந்த கால்சட்டை. அத்தனையும் அவளுக்குத் தெரிந்தவை. அடுத்து என்ன வரும் என்று முந்திக்கொண்டு உதடு அசைந்தது. அவர்கள் சொன்னதைவிட அவர் இன்னும் நன்றாகச் சொல்வார் என்றுகூட ஒரு பெருமை.

கடைசியில் கூட்டமே கத்தியது: "தொட்டி! தொட்டி!"

லீடர் கையைத் தூக்கினார். "தொட்டி மன்னர்களே, மேடைக்கு வாங்கடா!"

கணக்குப்புலி போனார். டிரம் போனார். இன்னும் இரண்டு பேர் போனார்கள். லீடரோடு ஐந்து பேர். மேடையிலேயே வரிசையாகக் குப்புறப் படுத்துக் காட்டினார்கள். கூடம் குலுங்கியது. தையலக்காவும் சிரித்தாள். இப்போது சொல்வார்கள், ஆறாவதாக ஒருத்தன் இருந்தான், இன்றைக்கு நம்மோடு இல்லை என்று. அதற்காகத்தான் தன்னை நடுவில் கூப்பிடப் போகிறார்கள் என்று நினைத்து, மடியில் கையைக் கோத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

வெயில் வந்தது. ஏணி போனது. டிரம்மின் கண்ணாடி விழுந்தது. ஆறாவது ஆள் வரவில்லை.

"அஞ்சு பேரும் மேல இருக்கோம்" என்றார் லீடர். "கீழ ஒருத்தனைக் காவலுக்கு நிக்க வச்சோம். ஹெட்மாஸ்டர் வந்தா விசிலடின்னு சொல்லிட்டு ஏறிட்டோம். அந்தப் பையனுக்கு விசிலே வராதாம்! வராதுன்னு சொல்ல வேண்டியதுதானே? தலையத் தலைய ஆட்டிட்டு நின்னுட்டான்! ஹெட்மாஸ்டர் பின்னாலயே வந்து நிக்கிறாரு, இவன் வாயைக் குவிச்சுக் குவிச்சு ஊதுறான், வெறும் காத்துதான் வருது!"

சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. லீடர் உதட்டைக் குவித்து ஊதிக் காட்டினார்.

"அப்புறம் விழுந்துது பாருங்க அடி! யாரெல்லாம் மேலன்னு சொல்லு சொல்லுன்னு பிரம்பு பிஞ்சுபோச்சு. பய வாயைத் திறக்கலையே! நாங்க மேல படுத்துகிட்டு அடிச் சத்தத்த எண்ணிக்கிட்டிருக்கோம்!"

"யாருடா அது?" என்று கீழிருந்து ஒருவர் கேட்டார்.

லீடர் கணக்குப்புலியைப் பார்த்தார். கணக்குப்புலி டிரம்மைப் பார்த்தார். "ஞாபகமில்லடா. கடைசி பெஞ்சு. ஒல்லியா ஒருத்தன் இருப்பானே. அதுக்கப்புறம் அவன் ஸ்கூலுக்கே வரல."



தையலக்காவின் கணவருக்கு விசில் வராது. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் விசிலடித்துக் குழந்தையைச் சிரிக்கவைப்பதைப் பார்த்து, தானும் ஊதிப் பழகினார். ஒரு மாதம் பழகியும் காற்றுதான் வந்தது. "இந்த ஜன்மத்துல நமக்கு விதிச்சது அவ்வளவுதான்" என்று விட்டுவிட்டார். அப்போது அவர் சிரித்தாரா இல்லையா என்று நினைவுபடுத்திப் பார்த்தாள். வரவில்லை.

தொட்டிக்கு மேலே வெயில் எப்படிக் காய்ந்தது, யார் எந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்தார்கள் என்று கிடந்தவர் மாதிரியே சொன்னாரே! மேலே இருந்தவர்கள் பிறகு தங்களுக்குள் பேசிக்கொண்டதை அவர் எப்படிக் கேட்டார்? அதற்குப்பின் அவர் பள்ளிக்கே போகவில்லையே. க்ரூப்பில் சேருமுன்பே, அவளுக்குக் கல்யாணமான நாளிலிருந்தே, இந்தக் கதை இருந்ததே. எங்கேயோ நின்று, யார் யாரோ பேசுவதை ஒட்டுக்கேட்டுத்தான் சேர்த்திருக்க வேண்டும். கடைத்தெருவிலோ, பஸ் நிறுத்தத்திலோ, யார் முதுகுக்குப் பின்னாலோ.

"சிஸ்டர்! சிஸ்டர்! மேடைக்கு வாங்க" என்று கூப்பிட்டார்கள்.

எப்படி எழுந்தாள், எப்படி நடந்தாள் என்று தெரியாது. திரையில் ஒரு படம் காட்டினார்கள். வகுப்புப் புகைப்படத்திலிருந்து ஒரு முகத்தைப் பிய்த்துப் பெரிதாக்கியது. பெரிதாக்கியதில் கண், மூக்கு எல்லாம் கலைந்துபோய்ச் சாம்பல் நிறப் பூச்சாக இருந்தது. லீடர் பெயரைப் படித்தார். முன்னெழுத்து தப்பாக இருந்தது. "நம்ம உயிர் நண்பன். ரொம்ப அமைதியானவன். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டான். எல்லாரும் எழுந்து ஒரு நிமிஷம் மௌனமா நிப்போம்."

எழுந்து நின்றார்கள். யாருடைய போனோ ஆட்டப்பாட்டாக அலறியது, அமுக்கினார்கள். கூடத்தின் கோடியில் பரிமாறுகிறவர்கள் தட்டுகளை அடுக்குகிற சத்தம் கேட்டது. நிமிஷம் முடிவதற்குள் லீடர், "தேங்க்யூ" என்றார். ஒரு பூங்கொத்தை அவள் கையில் கொடுத்து, மைக்கை வாய்க்கு நேரே நீட்டினார். "ரெண்டு வார்த்தை பேசுங்க சிஸ்டர்."

அந்த ஐந்து பேரும் பக்கத்திலேயே நின்றிருந்தார்கள். படுத்து எழுந்ததில் டிரம்மின் டி-ஷர்ட்டில் தூசி. கெட்டவர்கள் முகமில்லை அவை. சிரித்துச் சிவந்து, அவளுக்காகக் கொஞ்சம் சோகத்தைப் பூசிக்கொண்டு நின்ற சாதாரண முகங்கள்.

"அந்தப் பையன்…" என்று தொடங்கினாள். மைக் கீச்சிட்டது. லீடர் அதைத் தட்டிச் சரிசெய்துவிட்டு மறுபடி நீட்டினார்.

சொல்லி என்ன ஆகப்போகிறது என்று அந்த நொடியில் தோன்றியது. இவர்களுக்குச் சங்கடமாக இருக்கும். 'அடடா, அவனா இவன்?' என்பார்கள். நாளை இன்னொரு கதையாகிவிடும்: கீழே நின்ற பையனின் பெண்டாட்டியே வந்துவிட்டாள் என்று. அவர் அத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லை. அவர் திறக்காத வாயைத் தான் திறப்பதா?

"அவர் உங்க எல்லாரைப் பத்தியும் தினம் பேசுவார்" என்றாள். "ரொம்ப சந்தோஷமா பேசுவார்." பூங்கொத்தை மார்போடு அணைத்துக்கொண்டு மைக்கிலிருந்து விலகி நின்றாள்.

கைதட்டினார்கள். "எமோஷனல் ஆயிட்டாங்க" என்றார் லீடர். "ஓகே ஃப்ரெண்ட்ஸ், சாப்பாடு ரெடி!"

சாப்பாட்டு மேசையில் அவள் தட்டை அளைந்துகொண்டிருந்தபோது குண்டூசி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். முகம் முன்புபோல் இல்லை.

"நான் ஒண்ணு கேக்கவா? அந்தக் கீழ நின்ன பையன்… உங்க வீட்டுக்காரரா?"

ஆமென்று தலையை ஆட்டினாள் தையலக்கா.

"மேடையில உங்க மூஞ்சியப் பாத்தப்ப தோணுச்சு. பொண்ணுங்க பக்கத்து ஜன்னல் வழியா தொட்டி தெரியும். நான் பாத்தேன் அன்னிக்கு. அடிச்சு முடிச்சப்புறம் ஹெட்மாஸ்டர் கேட்டைக் காட்டிப் போடான்னாரு. அவன் கேட்டுக்கு வெளிய போய் நின்னு தொட்டியவே பாத்துக்கிட்டிருந்தான். இவங்க யாராச்சும் இறங்கி வருவாங்கன்னு நெனச்சானோ என்னமோ. ரொம்ப நேரம் நின்னான். அப்புறம் போயிட்டான். செருப்பு தொட்டிக்கிட்டயே கிடந்துச்சு. வாரக்கணக்கா கிடந்துச்சு. கடைசியில பியூன் எடுத்து வீசிட்டாரு."

"யாரும் போய் என்னன்னு கேக்கலையா?"

"அவன் வீடு எங்கன்னு யாருக்குத் தெரியும்? சின்னப் பசங்க…" குண்டூசி தண்ணீர்க் குவளையை அவள் பக்கம் நகர்த்தினார். பிறகு, "நீங்க சாப்பிடுங்க, ஆறிப்போகுது" என்றார்.

அவரைப் பற்றித் தெரியாத ஒன்றைக் கேட்கத்தான் தையலக்கா வந்திருந்தாள். கேட்டுவிட்டாள்.

கிளம்பலாம் என்று எழுந்தபோது, எல்லோரும் பேனருக்கு முன்னால் மூன்று வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். புகைப்படக்காரன் வேறு கல்யாணத்துக்குப் போய்விட்டானாம். லீடர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஓடிவந்து தன் போனை அவளிடம் நீட்டினார். "சிஸ்டர், கோச்சுக்காதீங்க, ஒண்ணே ஒண்ணு எடுத்துக் குடுங்களேன். எல்லாரும் வரணும், பாத்துக்கங்க."

அவள் எடுத்தாள். எல்லோரும் வந்தார்கள்.  போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பூங்கொத்தோடு இறங்கி வந்து பஸ்ஸுக்கு நின்றாள்.

மகள் கதவைத் திறந்ததும் கேட்டாள். "என்னம்மா, அப்பாவைப் பத்தி என்ன சொன்னாங்க?"

"நல்லா சொன்னாங்க."

"தொட்டிக் கதை வந்துச்சா?"

"வந்துச்சு."

"பாத்தியா! அவரு போனாலும் தொட்டி போகாது." மகள் சிரித்துக்கொண்டே பூங்கொத்தைத் தண்ணீரில் போட எடுத்துப் போனாள். அவளிடம் சொல்ல தையலக்காவுக்கு மனம் வரவில்லை. அப்பாவைப் பற்றி அவளுக்கு மிச்சமிருக்கிற சிரிப்பு அது ஒன்றுதான்.

இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் சாப்பாட்டு இடைவேளையில், சலவைக்கூடத்து வாசலில் நின்று, கணவரின் அண்ணனுக்குப் போன் போட்டாள். தள்ளாத வயது, காது வேறு மந்தம். நலம் விசாரித்துவிட்டுக் கேட்டாள்.

"மாமா, அவர் பத்தாவது படிக்கும்போது உங்கப்பா படுத்துட்டாரா?"

"யாரு, அப்பாவா? எங்கப்பா அதுக்கப்புறம் பத்துப் பன்னெண்டு வருஷம் சைக்கிள் மிதிச்சு வேலைக்குப் போனாரும்மா. கல்லாட்டம் இருந்தாரு. யார் சொன்னா?"

"அப்ப அவர் ஏன் ஸ்கூலை விட்டாரு?"

"அதை ஏன் கேக்கறே! ஒருநாள் வெறுங்காலோட வந்தான். சுருண்டு படுத்துட்டான். மறுநாள் போடான்னா, செத்தாலும் போகமாட்டேன்னு கதவைச் சாத்திக்கிட்டான். ஏன்னு கேட்டா வாயைத் திறக்கல."

"விட்டுட்டீங்களா?"

"விடுவமா? அப்பா பெல்ட்டக் கழட்டிக்கூட கேட்டாரு. நான் அவனைப் பிடிச்சுக்கிட்டேன், அவர் கேட்டாரு. ம்ஹும். கல்லுளிமங்கன். சரி போ, படிப்பு ஏறாத கழுதைன்னு லிஃப்ட் வேலைக்குச் சேத்துவிட்டோம்." மறுமுனையில் இருமல் வந்தது. "இப்ப எதுக்கும்மா இதெல்லாம்?"

"சும்மாதான் மாமா" என்றாள். "உடம்பைப் பாத்துக்கங்க."

உள்ளே நீராவி புகைந்துகொண்டிருந்தது. இஸ்திரி போடுகிறவள் ஒரு மூட்டை விரிப்புகளை இழுத்துவந்து மெஷினுக்குப் பக்கத்தில் தள்ளினாள். "என்ன தையலக்கா, முகமே சரியில்ல? ஞாயித்துக்கிழமை எங்கயோ போறேன்னியே, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. சாப்பாடெல்லாம் நல்லா போட்டாங்க."

ஒரு விரிப்பை உதறிக் கிழிசலைத் தேடினாள். ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா? பக்கத்தில் படுத்திருந்தேனே, ராத்திரி பகலாகக் கேட்டுக்கொண்டிருந்தேனே. அவர் உயிரோடு இருந்திருந்தால் கேட்டிருப்பாள். ஆனால் அவர் உயிரோடு இருந்திருந்தால் அந்தக் கூட்டத்துக்கு அவளை யார் கூப்பிட்டிருக்கப் போகிறார்கள்? அவரைத்தான் கூப்பிட்டிருப்பார்களா? கூப்பிட்டிருந்தால் நீலச் சட்டை போட்டுக்கொண்டு போயிருப்பார். சுவரோர மேசையில் உட்கார்ந்து, எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்திருப்பார்.

அந்த நினைப்புதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. கிழிசல் அகப்பட்டது. இரண்டு ஓரத்தையும் இழுத்துச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, காலால் மெஷினை மிதித்தாள்.